கழிவுநீரை ஏற்றும் மோட்டார் யாருடைய பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் சில, ஒரே விஷயத்தையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்டிருந்தன. பல வீடுகளின் கழிவுநீரை ஒரு குழியில் சேர்த்து, அதை மோட்டார் மூலம் ஏற்றிப் பொதுக் குழாய்க்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு யார் பொறுப்பேற்பது என்பதே அந்த விஷயம். குடிநீர், வடிகால் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய சந்தில் வீடு வாங்கினான். அந்தச் சந்தில் ஏழு வீடுகள். எல்லா வீட்டுக் கழிவுநீரும் சந்தின் கடைசியில் தரைக்கு அடியில் இருக்கும் குழியில் சேர்ந்து, அங்கிருந்து மோட்டார் மூலம் பெரிய சாலைக் குழாய்க்குப் போகிறதாம். இப்போது அந்த மோட்டார் பழுதாகி, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, "இதைத் தண்ணீர் நிறுவனம் எப்போதோ எடுத்திருக்க வேண்டும், நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்கிறாராம். மகனுக்கு நான் என்ன சொல்லட்டும்? – வாசகர், கீழக்கரை

பதில்: பணம் கொடுப்பதற்கு முன், அந்த வீடுகள் எந்த ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டுப் பொதுக் குழாயோடு இணைக்கப்பட்டன என்பதைத் தங்கள் மகன் கண்டுபிடிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியாக இருக்கவும் கூடும், தவறாக இருக்கவும் கூடும். அதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஒரு தேதிதான்.

இங்கிலாந்தில் குடிநீர், கழிவுநீர்ப் பணிகள் 1989-இல் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் சாலைக்கு அடியில் ஓடும் பொதுக் குழாய்கள் மட்டுமே அந்த நிறுவனங்களின் பொறுப்பில் இருந்தன. சந்துகளுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் பல வீடுகள் பங்கிட்டுக்கொண்ட குழாய்களில் பெரும்பகுதி, அந்த வீட்டுக்காரர்களின் தனிச் சொத்தாகவே கிடந்தது. இதற்குள் ஒரு பழைய முரண்பாடும் இருந்தது. 1937 அக்டோபர் 1-க்கு முன் போடப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்பட்ட குழாய் பொதுக் குழாயாகக் கருதப்பட்டது; அதற்குப் பின் போடப்பட்டது, எவரும் முறைப்படி ஏற்றுக்கொள்ளாதவரை, தனியார் குழாயாக நின்றது. எனவே ஒரே ஊரில் பழைய தெருக்காரருக்கு அடைப்பெடுக்கச் செலவில்லை, புதிய தெருக்காரருக்கு உண்டு என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. இரு தெருவினரும் ஒரே வகையான கழிவுநீர்க் கட்டணத்தைக் கட்டிவந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது எவ்வளவு அநியாயமானது என்பது விளங்கும்.

அந்த நிலையை மாற்ற 2011-இல் விதிகள் வந்தன. பொதுக் குழாயோடு 2011 ஜூலை 1-க்கு முன் இணைக்கப்பட்டிருந்த தனியார் கழிவுநீர்க் குழாய்கள் 2011 அக்டோபர் 1 அன்று தண்ணீர் நிறுவனங்களின் உடைமையாயின. குழியும் மோட்டாரும் உள்ள உந்து நிலையங்களுக்கு மட்டும் ஐந்து ஆண்டு கூடுதல் அவகாசம் தரப்பட்டு, 2016 அக்டோபர் 1 கடைசி நாளாக வைக்கப்பட்டது. அவகாசம் தந்ததற்குக் காரணம் இருந்தது. குழாய் தரைக்குள் அமைதியாகக் கிடக்கும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும், ஆள் போய்வரப் பாதை வேண்டும். எந்தச் சந்தின் கடைசியில், எந்த வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில், எத்தனை குழிகள் மூடிக்குக் கீழே கிடக்கின்றன என்பதற்கு நிறுவனங்களிடம் முழுமையான பட்டியல் கூட இல்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, சோதித்து, மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இனித் தங்கள் மகனின் சந்துக்கு வருகிறேன். ஏழு வீடுகள் பங்கிடும் நிலையம், 2011 ஜூலை 1-க்கு முன்பே பொதுக் குழாயோடு இணைந்திருந்தால், அது இன்று நிறுவனத்தின் பொறுப்பு. கடைசி நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. பட்டியலில் விடுபட்ட நிலையங்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் தெரிவிக்கும்போது நிறுவனங்கள் வந்து பார்த்து ஏற்றுக்கொள்கின்றன. வீடு வாங்கிய பத்திரம், திட்ட அனுமதியின் தேதி, மோட்டாரின் மின்கட்டண ரசீது யார் பெயரில் வருகிறது என்ற விவரம், குழி இருக்கும் இடத்தின் வரைபடம் ஆகியவற்றை இணைத்து எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும் முன் பழுதைச் சரிசெய்யாமல் இருக்க முடியாதென்றால், ஏழு வீட்டாரும் அவசரப் பழுதுக்கு மட்டும் செலவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். புது மோட்டார் வாங்குவது போன்ற பெருஞ்செலவைப் பதில் வரும்வரை ஒத்திவைக்கட்டும்.

வீடுகள் அந்தத் தேதிக்குப் பிறகு இணைக்கப்பட்டவையாக இருந்தால் கதை வேறு. அப்போது மாற்றம் தானாக நடந்திராது. வீடு கட்டியவர், தண்ணீர்த் தொழில் சட்டம் 1991-இன் 104-ஆம் பிரிவின்படி, கட்டும்போதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தால், பணி தரத்தோடு முடிந்தபின் நிறுவனம் அதை ஏற்கும். ஒப்பந்தம் இல்லையென்றால், 102-ஆம் பிரிவின்படி உரிமையாளர்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலையம் நிறுவனத்தின் தர அளவுக்கு இல்லை என்றால் விண்ணப்பம் மறுக்கப்படும். மறுப்பை எதிர்த்து, தண்ணீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிட வழி உண்டு. ஒப்பந்தமும் இல்லை, ஏற்பும் இல்லை என்றால், ஏழு வீட்டாரும் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு, யார் வசூலிக்கலாம் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும். வாங்கும்போது வழக்கறிஞர் அதைப் படித்துச் சொன்னாரா என்று மகனிடம் கேளுங்கள்.

இன்னும் சில விலக்குகள் உண்டு. ஒரே வீட்டுக்கு மட்டும் பயன்பட்டு, அந்த வீட்டின் எல்லைக்குள்ளேயே இருக்கும் குழியும் மோட்டாரும் எந்த ஆண்டில் கட்டப்பட்டாலும் வீட்டுக்காரருடையவைதான். பொதுக் குழாயில் சேராமல் செப்டிக் டேங்கிலோ தனிச் சுத்திகரிப்பு நிலையத்திலோ போய் முடிகிற ஏற்பாட்டுக்கும் இந்த விதிகள் பொருந்தா. ஸ்காட்லாந்தில் அமைப்பே வேறு. தங்கள் மகன் அங்கே இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: தண்ணீர் பள்ளம் தேடி ஓடும். அப்படியிருக்கக் கழிவுநீரை ஏன் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும்? எங்கள் பள்ளி மாணவர்கள் கேட்டதை அப்படியே அனுப்புகிறேன். – ஆசிரியை, மண்டபம்

பதில்: உங்கள் மாணவர்கள் சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்கள், டீச்சர். பள்ளம் தேடி ஓடுவது உண்மைதான்; ஆனால் கழிவுநீர் வெறும் தண்ணீர் அல்ல, அதில் மிதப்பதும் படிவதும் கலந்திருக்கும். அவை குழாயின் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்பட, நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அந்த வேகம் கிடைக்க, ஏறத்தாழ 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் சரிவு கொடுக்க வேண்டும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 5 மீட்டர் கீழே இறங்கிவிடும். மலைச்சரிவான ஊரில் தரையும் கூடவே இறங்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் தரை சமமாகவே கிடக்க, குழாய் மட்டும் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தக் கரையில் மணலைத் தோண்டினால் சில அடிகளில் தண்ணீர் கசியத் தொடங்குகிறது. ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த தலைமுறையினர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் எத்தனை முழத்தில் நீர் வரும் என்று மாணவர்களுக்குச் சொல்வார்கள். அந்த மணலில் 5 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினால், பக்கம் சரியும், தண்ணீர் நிறையும், குழாயின் இணைப்பு வழியே நிலத்தடி நீர் உள்ளே புகும். ஆகையால் ஓரளவு ஆழம் போனதும் ஒரு குழியில் சேர்த்து, மோட்டார் மூலம் தரைமட்டத்துக்கு அருகே கொண்டுவந்து, மறுபடி சரிவில் விடுகிறார்கள். அந்தக் குழிதான் உந்து நிலையத்தின் இதயம். அதற்குள் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று ஓடும், மற்றது துணைக்கு நிற்கும். நீர்மட்டம் ஏறியதும் மிதவை சுவிட்ச் மோட்டாரை ஓடவிடும், இறங்கியதும் நிறுத்தும். ஏற்றிய நீர் திரும்பி வராதபடி உந்து குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. மின்சாரம் நின்றாலோ வால்வில் துணி சிக்கினாலோ, குழி நிரம்பி, அந்தக் குழாய்த் தொடரிலேயே தாழ்வான வீட்டின் குளியலறையில் முதலில் பொங்கும். மேட்டு வீட்டுக்காரருக்கு அன்று முழுவதும் ஒன்றும் தெரியாது. பொறுப்புச் சண்டைகளில் தாழ்வான வீட்டுக்காரர் எப்போதும் தனியாக நிற்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: இராமநாதபுரம் நகரை ஒட்டி, 40 வீடுகள் கொண்ட மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். மனை விற்றவர் ஒரு தொட்டியும் இரண்டு மோட்டார்களும் அமைத்து, நகரின் பாதாள சாக்கடைக் குழாயோடு இணைத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டு அவரே பார்த்துக்கொண்டார். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. ஒரு மோட்டார் எரிந்துவிட்டது. வெளிநாடுகளில் அரசோ நிறுவனமோ இவற்றை எடுத்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறோம். நம் நகராட்சி எடுத்துக்கொள்ளாதா? – குடியிருப்போர் சார்பாக, இராமநாதபுரம்

பதில்: குறிப்பிட்ட தேதிக்கு முன் அமைந்த எல்லாத் தனியார் உந்து நிலையங்களும் ஒரே நாளில் உள்ளாட்சியின் பொறுப்பாகிவிடும் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுக் குழாயோடு இணைந்து, ஊர் முழுவதற்குமான கழிவுநீர் ஓட்டத்தில் ஒரு கண்ணியாக இருக்கிற ஒன்றை, அதற்கு அருகில் மனை வாங்கினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக 40 குடும்பங்களின் தலையில் கட்டுவது முறையல்ல. அவர்களுக்கு மோட்டாரைப் பற்றித் தெரியாது, உபரி மோட்டார் வாங்கி வைக்க நிதி இல்லை, நள்ளிரவில் அழைத்தால் வர ஆள் இல்லை. ஒரு நகரத்தில் இருக்கும் இருபது நிலையங்களையும் ஒரே அமைப்பு பார்த்தால், இருபதுக்கும் சேர்த்து ஒரு குழு, இரண்டு உபரி மோட்டார், ஒரு ஜெனரேட்டர் வண்டி போதும்.

ஆனால் சட்டம் வரும்வரை உங்கள் கை வெறுங்கை அல்ல. மனை நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், அது மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் பொதுப் பயன்பாட்டுக்கான தொட்டி, மோட்டார் போன்றவற்றைப் பொது இடங்களின் பகுதியாகவே சொல்கிறது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்பை ஏற்கும்வரை, நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியச் சேவைகளை நடத்தித் தருவது மனை விற்றவரின் கடமை என்கிறது 11-ஆம் பிரிவு. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ சேவைகளிலோ குறை தெரிந்து அதை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தால், 30 நாளில் மேற்செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டுதான் ஆகியிருக்கிறது என்பதால், நீங்கள் இப்போதே பதிவஞ்சலில் குறையை எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது பின்னால் சாட்சிக்கு வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால், தமிழ்நாடு மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். மோட்டார் எரிந்தது அவருடைய வேலைத் தரத்தால் அல்ல, நீங்கள் கழிவறையில் துணியைப் போட்டதால் என்று அவர் சொல்லக்கூடும். ஆகவே எரிந்த மோட்டாரை விற்றுவிடாமல், அதைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி வையுங்கள்.

சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து தோன்றுகிறது. அதை முதலில் பதிவு செய்யுங்கள். மனை விற்றவர், திட்ட வரைபடங்களையும் பொது இடங்கள் தொடர்பான ஆவணங்களையும் சங்கத்திடமோ உரிய அதிகார அமைப்பிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அவற்றில் நீங்கள் தேட வேண்டியவை: தொட்டி நிற்கும் நிலம் எந்தச் சர்வே எண்ணில், யார் பெயரில் இருக்கிறது, உந்து குழாய் எந்த வழியாகப் போகிறது, மோட்டார்களின் திறன் என்ன, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது.

மின் இணைப்பைப் பற்றிச் சொல்லும்போது, பணியில் இருந்தபோது நான் பார்த்த ஒன்று நினைவுக்கு வருகிறது. வேறொரு மாவட்டத்தில், ஒரு மனைப்பிரிவில், தொட்டி மோட்டாரின் மின் இணைப்பு மனை விற்றவர் பெயரிலேயே இருந்தது. கட்டணத் தகவல் அவருடைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கட்டாமல் விட்டதால் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்று நாள் வரை யாருக்கும் காரணம் தெரியவில்லை. கடைசி வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. இத்தனைக்கும், நிலுவையில் இருந்த தொகை ஒரு குடும்பம் ஒரு வாரம் மளிகை வாங்கும் தொகையை விடக் குறைவு. பெயர் மாற்றம் என்ற ஒரு விண்ணப்பத்தை யாரும் போடவில்லை என்பதுதான் முழுக் காரணம்.

நகராட்சியிடமும் கேளுங்கள். மனைப்பிரிவுச் சாலைகளைத் தான பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைப்பது நமக்குப் பழகிய நடைமுறை. தொட்டி அந்தச் சாலையிலோ பூங்கா நிலத்திலோ இருந்தால், நிலம் ஏற்கெனவே நகராட்சியிடம் போயிருக்கும். மோட்டார் மட்டும் எவரிடமும் இல்லாமல் நடுவில் நிற்கும். அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, இயங்கும் நிலையில் நிலையத்தை ஒப்படைக்கச் சங்கம் தயார் என்று தீர்மானம் போட்டு ஆணையருக்கும் உங்கள் வார்டு உறுப்பினருக்கும் கொடுங்கள். "இயங்கும் நிலையில்" என்ற சொல் முக்கியம். எரிந்த மோட்டாரோடும் விரிசல் விட்ட தொட்டியோடும் ஒரு நிலையத்தை நகராட்சியிடம் தள்ளினால், பலகையில் பெயர் மாறுமே தவிர, உங்கள் கடைசி வீட்டுக் குளியலறையில் எதுவும் மாறாது. மனை விற்றவரிடமிருந்து முதலில் பழுதுநீக்கத்தைப் பெறுங்கள், பிறகு ஒப்படையுங்கள்.

இடைக்காலத்தில் ஒரு கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். 40 வீட்டில் வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகும் என்ற வழக்கமான பொறியியல் கணக்கின்படி, நாளுக்கு 21,600 லிட்டர் கழிவுநீர் வரும். மணிக்குச் சராசரி 900 லிட்டர். காலை நேரத்தில் அதைப் போல மூன்று மடங்கு, அதாவது 2,700 லிட்டர் வரலாம். காலை 6 மணி முதல் 8 மணி வரை மின்தடை என்றால் 5,400 லிட்டர் சேரும். 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 3,140 லிட்டர்தான் பிடிக்கும். ஆகவே மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1.7 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்க முடியும். உங்கள் தொட்டியை அளந்து பாருங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால், மின்தடை அறிவிப்பு வரும் நாளில் வாடகைக்கு ஜெனரேட்டர் சொல்லி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதே சமயம், வெற்றிடம் இருக்கிறதே என்று அன்றாடம் கழிவுநீரை மணிக்கணக்கில் தேக்கி வைக்கவும் கூடாது. அரை மணிக்கு மேல் தேங்கினால் அழுகி, நச்சு வாயு உண்டாகும்; அந்த வாயு கான்கிரீட்டையும் அரிக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து, பொதுவாக ஒரு குழி வெட்டி மோட்டார் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். அவர்கள் காட்டும் இடம் எங்கள் உறைகிணற்றிலிருந்து முப்பது அடிதான். காவிரித் தண்ணீர் வராத நாளில் அந்தக் கிணறுதான் எங்களுக்குத் துணை. வேண்டாம் என்றால் தெருவுக்கு எதிரி ஆகிவிடுவேன். – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தாங்கள் வெட்டப்போவது உறிஞ்சுகுழி அல்ல, மூடிய தொட்டி என்று அவர்கள் வாதிடலாம். புதிதாகக் கட்டிய தொட்டி கசியாது. கடற்கரை உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் பத்து ஆண்டு நின்ற தொட்டியைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. மோட்டார் நின்று பொங்கும் நாளில் தரை மீது வழிந்து மணலுக்குள் இறங்குவது எந்தத் தொட்டிக்கும் உண்டு. மணல் தண்ணீரை விரைவாகக் கீழே விட்டுவிடும், வடிகட்ட நேரம் தராது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; ஆனால் கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

தெருவுக்கு எதிரியாக வேண்டியதில்லை. கிணற்றைக் காட்டி, 60 அடிக்கு அப்பால் வேறு இடம் பார்ப்போம் என்று சொன்னால் அது ஒன்பது வீட்டுக்கும் சேர்த்துப் பேசுவதாகும். அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்: ஏற்றிய கழிவுநீர் எங்கே போய்ச் சேரும்? கிராம ஊராட்சிப் பகுதியில் இணைவதற்குப் பாதாள சாக்கடை இல்லையென்றால், அந்த மோட்டார் ஒன்பது வீட்டுக் கழிவை ஒரே ஓடை வழியாகக் கடலுக்கு அனுப்பும் கருவியாகிவிடும். பாக் நீரிணை ஒரு பக்கம், மன்னார் வளைகுடா மறுபக்கம் என்று நாம் வாழ்கிற தீவில், வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. கரையோரத்தில் நாம் விடும் கழிவு, கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் மட்டுமல்லாமல், அங்கே கரைவலை இழுப்பவருக்கும் கேடு. சேரும் இடம் முடிவாகாமல் குழி வெட்ட வேண்டாம். அதுவரை ஒழுங்காகக் கட்டிய, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்துச் சுத்தம் செய்கிற தனித்தனி செப்டிக் டேங்குகளே மேல்.

கேள்வி: மோட்டாரில் அடிக்கடி என்ன சிக்குகிறது? – வாசகர், தொண்டி

பதில்: துணி, சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர், தேங்காய் நார், தலைமுடி. மீன் கழுவும் இடத்துக் கழிவையும் செதிளையும் அதே குழாயில் விட்டால், எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து மிதவை சுவிட்சையே பிடித்து வைத்துக்கொள்ளும். சமையலறைக் குழாயின் முகப்பில் ஒரு சல்லடை போடுங்கள்.

கேள்வி: இராமேசுவரத்தில் நாங்கள் மூன்று விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒரு குழியும் மோட்டாரும் வைத்திருக்கிறோம். அமாவாசைக் கூட்டத்தில் அடைத்துக்கொண்டது. வழக்கமாக வரும் பையனை உள்ளே இறக்கி எடுத்துவிடலாமா, அல்லது நகராட்சி வந்துதான் எடுக்க வேண்டுமா? – வாசகர், இராமேசுவரம்

பதில்: எவரையும் உள்ளே இறக்காதீர்கள். நகராட்சி வருகிறதோ இல்லையோ, இதற்கு இரண்டாவது பதில் இல்லை. மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்குவதைத் தனிமனிதருக்கும் உள்ளாட்சிக்கும் ஒருசேரத் தடை செய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். இத்தகைய மரணங்களுக்கு இழப்பீடாக 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் நான் தண்டனையைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தேங்கிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியிலேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைப்பார். அடுத்த இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். நீங்கள் "வழக்கமாக வரும் பையன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் உண்டு.

முதலில் மூன்று விடுதியிலும் தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறையுங்கள்; முடிந்தால் அறைகளை ஒரு நாள் மூடுங்கள். 14420 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைத்து, உரிமம் பெற்ற கழிவுநீர் உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். குழி மூன்று விடுதிகளின் பொதுச் சொத்து என்பதால், அதை எடுக்கும் செலவும் இன்றைக்கு உங்கள் மூவருடையதுதான். பாதாள சாக்கடை இணைப்புக்கு அப்பாலுள்ள அடைப்பு என்றால் மட்டுமே நகராட்சியைச் சேரும். எங்கே அடைத்திருக்கிறது என்பதை அறிய, குழிக்கு அடுத்த மேன்ஹோலின் மூடியைக் கழற்றித் தள்ளி நின்று பாருங்கள்: அது காலியாக இருந்தால் கோளாறு உங்கள் மோட்டாரில், நிரம்பி நின்றால் கோளாறு தெருக் குழாயில்.

மோட்டாரை வெளியே எடுக்கவும் ஆள் இறங்க வேண்டியதில்லை. முறையாக அமைத்த நிலையத்தில், மோட்டார் இரண்டு வழிகாட்டிக் கம்பிகளில் சறுக்கி ஏறும்படி, சங்கிலியோடு இணைக்கப்பட்டிருக்கும். மேலே கப்பி மாட்டி இழுத்தால், அது தானாகவே குழாயிலிருந்து விடுபட்டு வந்துவிடும். உங்கள் குழியில் அந்தக் கம்பியும் சங்கிலியும் இல்லையென்றால், லாரி வந்து காலி செய்யும் நாளிலேயே வெல்டரை அழைத்து அளவு எடுக்கச் சொல்லி, மூன்று பேரும் பங்கு போட்டு அதை முதலில் அமைத்துவிடுங்கள்.